தேதிக்குக் கீழே

மன்னார்குடிக் கல்லூரியின் கணினி அறையில்
இருபத்து நான்கு பெட்டிகள்.
பதினொன்றுக்கு உயிர் உண்டு.
பெட்டிக்கு இரண்டு பேர்.
எனக்குப் பக்கத்தில் கூத்தாநல்லூர் ரிஸ்வானா.

பயனர் பெயர் கேட்டது.
ஒற்றை விரலால் துழாவித் துழாவி
என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன்.
பன்னிரண்டு எழுத்தோடு நின்றுகொண்டது.
செந்தாமரைக் வரைக்கும் உள்ளே.
கண்ணன் வெளியே.
"கண்ணைக் கழட்டி வச்சாத்தான் உள்ள விடுவாங்க போல"
என்றாள் ரிஸ்வானா, சிரிக்காமல்.

ராத்திரியில் கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோச் சிப்பம் தூக்குகிற கை.
மவுஸ் அதற்குள் காணாமல் போனது.
இரண்டு முறை அழுத்து என்றால்
சாக்கு தைக்கிற ஊசியை இறக்குவதுபோல்
நிதானமாக அழுத்தினேன்.
கோப்பு திறக்காமல்
வேறு பெயர் வைக்கச் சொன்னது.
"கடன்காரன் கதவு தட்டுற மாதிரி, சீக்கிரமா."
திறந்தது.

போன் பழக்கம்தான்.
கட்டைவிரலுக்கு அனுப்பத் தெரியும்,
வந்ததை அனுப்பத் தெரியும்,
வந்ததா என்று பார்க்கத் தெரியும்.

மூன்றாம் வாரப் பயிற்சி இதுதான்:
போனில் வந்த ஒரு செய்தியை எடுத்து
அது எங்கே பிறந்தது என்று தேடு.

ரிஸ்வானா எடுத்தது
ஏழே நாளில் சர்க்கரையை விரட்டும் கருஞ்சீரகம்.
நாலு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.
அது கருஞ்சீரகம் விற்கிறவன் வீட்டில் பிறந்திருந்தது.

நான் எடுத்தது ஒரு சுற்றறிக்கையின் படம்.
கொள்முதல் வெள்ளியோடு நிறுத்தம்.
கோபுர முத்திரை, பச்சை மையில் கையெழுத்து.
புரட்டாசியில், குறுவை களத்தில் குவிந்து
வானம் கறுத்துக் கிடந்தபோது
எங்கள் தெருக் குழுவில் வந்தது.

வந்தது என்றா சொன்னேன்?
போட்டது நான்.

படத்தைக் கொடுத்துத் தேடினோம்.
சுற்றும் வளையம் சுற்றிச் சுற்றி
அதே கடிதத்தை முழுசாகக் கொண்டுவந்தது.
மூன்று வருடம் பழையது.
வேறு மாவட்டத்துக்குப் போனது.
என்னிடம் வந்த படம்
தேதிக்குச் சற்றுக் கீழே
அரிவாள் போட்டதுபோல் நேராக அறுபட்டிருந்தது.

"வியாபாரி வேலை" என்றாள்.
இருக்கலாம்.
அதற்கு என்ன ஆதாரம் என்பது
பயிற்சித்தாளின் ஐந்தாவது கேள்வி.
அந்த இடத்தைக் காலியாக விட்டோம்.

அந்த வியாழக்கிழமை
கலியமூர்த்தி அறுபத்திரண்டு மூட்டையை
வாசலுக்கு வந்த லாரிக்குப் போட்டார்,
மூட்டைக்கு இருநூற்றுப் பத்து குறைவாக.
ஏற்றிவிட்டது நான்.
ஏற்றுக்கூலி வாங்கியதும்.
திங்கட்கிழமை நிலையம் திறந்துதான் இருந்தது.
அங்கேயும் போய்ச் சுமந்தேன்.
அப்போதும் உறைக்கவில்லை.

போன வாரம் படித்த எக்செல்.
கட்டத்தில் சமக்குறி போட்டு
அறுபத்திரண்டு, நட்சத்திரம், இருநூற்றுப் பத்து.
என்டர்.
13020.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
கலியமூர்த்தி என்று அடித்தேன்.
முழுசாக ஏற்றுக்கொண்டது.

அன்றிரவு குழுவில் எழுதினேன்:
அது பழசு, போட்டது நான், தப்பு என்னுடையது.
பரப்ப ஒரு நொடி ஆனது.
இந்த மூன்று வரிக்கு நாற்பது நிமிடம்.
கீழே யாரோ ரோஜாப்பூவோடு இனிய இரவு போட்டார்கள்.
கலியமூர்த்திக்கு இரண்டு நீல டிக்.
வேறொன்றும் இல்லை.

ஞாயிறு டீக்கடையில் அவரே கூப்பிட்டார்.
"ஏம்ப்பா, மேட்டூரை மூடுறாங்களாமே? படம் வந்திருக்கு."
கடையில் நாலு பேர் திரும்பினார்கள்.
கட்டைவிரல் துடித்தது.
"பாத்துட்டுச் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால்
இல்லை என்று அர்த்தம்.
பெண் கேட்டு வந்தவர்களிடம் சொல்வது,
கைமாற்றுக் கேட்டவனிடம் சொல்வது.
அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்,
டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"இருங்க" என்றேன்.
அவர் போனை வாங்கி
படத்தின் மேல்விளிம்பைப் பெரிதாக்கினேன்,
வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று.